டாக்சியில் கியூஆர் கட்டாயமா? ஓர் ஓட்டுநர் அண்ணனுக்குப் பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 27 வருடமாக டாக்சி ஓட்டும் ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

“தங்கச்சி, எனக்கு வயது 61. சொந்தப் பெர்மிட். தோட்டத்துச் சனங்கள்தான் என் வாடிக்கை. போன மாதம் சாயங்கால ரயிலில் இறங்கிய ஒரு டீச்சர் பிள்ளை, தோட்டத்துப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இறக்கிவிடச் சொன்னது. கையில் காசில்லை, போனில் அனுப்புகிறேன் என்றது. எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, காசு இருந்தால் ஏறு என்று சொல்லிவிட்டேன். அது பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்து போனதிலிருந்து மனசு கேட்கவில்லை. இப்போது எங்கள் ஆட்களிடம் ஒரு மனு சுற்றுகிறது. எல்லா டாக்சியிலும் கார்டும் மின்பணமும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று அரசாங்கம் விதி போட வேண்டுமாம். இளவட்டங்கள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என் வயசுக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். கமிஷன் போகும், வருமான வரிக்காரர்கள் வருவார்கள், அரசாங்க உதவிப்பணமான எஸ்டிஆர் நின்றுவிடும், போன் இல்லாத கிழவிகள் என்ன செய்வார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் கணக்குப் பார்ப்பவர். போடலாமா, கூடாதா?”

அண்ணே, போடுங்கள். ஆனால் மனு இருக்கிறபடியே இருந்தால் போடாதீர்கள். அதில் சில வரிகள் சேர்க்க வேண்டும், அவை என்ன என்று கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் காரணத்தைச் சொல்லாமல் அந்த வரிகளை மட்டும் சொன்னால் உங்கள் கூட்டாளிகள் கேட்கிற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.

முதலில் அந்த டீச்சர் பிள்ளை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறொரு இரவு ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மூச்சுத் திணறி, ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கூட்டிப் போனோம், நான் கட்டியிருந்த சேலையோடு ஏறிக் கூடவே போனவள். ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மாவை வார்டில் சேர்த்த பிறகு மருந்துச் சீட்டு, மைகார்டு (அடையாள அட்டை), மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வர வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வாசலில் ஒரே ஒரு டாக்சி. ஓட்டுநர் நல்ல மனுசர்தான், ஆனால் காசு மட்டும்தான் வாங்குவேன் என்றார். என் கைப்பையில் 6 வெள்ளி (ரிங்கிட்). கீழே இருந்த ஏடிஎம் வேலை செய்யவில்லை. கடைசியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அக்காவிடம் போய் நின்றேன். அவர் பர்ஸைத் திறந்து 60 வெள்ளி கொடுத்தார், நான் அங்கேயே நின்று அவருடைய போன் நம்பருக்கு அந்த 60 வெள்ளியை அனுப்பினேன், இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. அந்த ஓட்டுநர் 10 அடி தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா இல்லையென்றால் விடியும்வரை நான் அங்கேதான்.

அதனால் நான் இந்த விதிக்கு ஆதரவு. டாக்சி பொதுப் போக்குவரத்து, பெர்மிட் கொடுத்து அரசாங்கம் ஓடவிடுகிற வண்டி. அதில் ஏறுகிறவர் பெரும்பாலும் வேறு வழியில்லாத நேரத்தில்தான் ஏறுகிறார்: இருட்டு, மழை, உடம்புக்கு முடியாத வேளை, கடைசி பஸ் போன பிறகு. அந்த நேரத்தில் எப்படிப் பணம் கொடுப்பது என்பதை ஏறுகிறவர் முடிவு செய்யட்டும். எந்த வண்டி வாங்கும், எந்த வண்டி வாங்காது என்று அவர் ஒவ்வொரு சன்னலாகக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவரவர் விருப்பம் என்று விட்டால் அதுதான் நடக்கிறது.

உங்களுக்கு இது புதிதும் இல்லை அண்ணே. கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ நெடுஞ்சாலையில் போனால் டோலில் காசா கொடுக்கிறீர்கள்? டச் அண்ட் கோ அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறீர்கள். டோலில் காசு வாங்குவதை நிறுத்தியபோது ஊரே முணுமுணுத்தது, லோரி ஓட்டுகிற என் மாமா ஒரு வாரம் திட்டினார், இப்போது அட்டை இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. ஆனால் டோலில் நடந்ததில் ஒரு தப்பும் இருக்கிறது, அங்கே காசை அடியோடு நிறுத்திவிட்டார்கள். டாக்சியில் அது நடக்கக் கூடாது.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் உங்கள் கமிஷன் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். நியூயார்க்கில் மஞ்சள் டாக்சிகளில் கார்டு இயந்திரம் கட்டாயம் என்று வந்தபோது 2007 செப்டம்பரில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது, கார்டில் வரும் தொகையில் 5 விழுக்காடு அவர்களிடமிருந்து பிடிக்கப்பட்டது. 20 டாலர் சவாரிக்கு 1 டாலர். விதி போட்டது அரசாங்கம், லாபம் இயந்திரக் கம்பெனிக்கு, செலவு வண்டி ஓட்டுகிறவருக்கு. லண்டனில் வேறு மாதிரி. 2016 அக்டோபரிலிருந்து கறுப்பு டாக்சிகள் எல்லாம் கார்டு வாங்கியாக வேண்டும், கார்டு என்பதற்காகப் பயணியிடம் கூடுதலாக ஒரு பென்னிகூடக் கேட்கக் கூடாது என்று சொன்னார்கள், அதே வருடம் குறைந்தபட்சக் கட்டணத்தை 2.40 பவுண்டிலிருந்து 2.60 பவுண்டாக ஏற்றினார்கள். அதாவது செலவைக் கட்டணத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஓட்டுநர் கைக்காசில் கட்டவில்லை. அயர்லாந்தில் 2022 செப்டம்பர் 1 முதல் எல்லா டாக்சியிலும் காசில்லாமல் கட்டும் வசதி கட்டாயம், அதே நாளில் கட்டணமும் உயர்ந்தது, காசு கொடுப்பவரிடம் காசும் வாங்குகிறார்கள்.

உங்கள் கூட்டாளிகள் பயப்படுவது நியூயார்க் கதை மாதிரி ஆகிவிடுமோ என்றுதான். நாம் கேட்க வேண்டியது லண்டன் மாதிரி. இந்த வித்தியாசத்தைச் சங்கத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள், கார்டு இயந்திரமும் கியூஆரும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

கார்டு இயந்திரத்துக்கு இரண்டு செலவு. ஒன்று, ஒவ்வொரு தொகையிலும் பிடிக்கிற விழுக்காடு. இன்னொன்று, சில இடங்களில் கேட்கிற மாத வாடகை. எல்லோரும் விழுக்காட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், என் அனுபவத்தில் சின்ன வியாபாரியைச் சாய்ப்பது வாடகைதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கார்டில் மாதம் 400 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம், 1 விழுக்காடு பிடித்தால் 4 வெள்ளி. இயந்திர வாடகை 40 வெள்ளி என்றால் அதுவே 10 விழுக்காடு. ஈப்போவில் விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் ஓடுகிற வண்டிக்குக் கார்டில் 4,000 வெள்ளி வந்தால் அதே வாடகை 1 விழுக்காடுதான். ஆக, ஒரே விதி, நகரத்து ஓட்டுநருக்குக் கொசுக்கடி, தோட்டத்து ரோட்டில் ஓடுகிறவருக்குப் பாம்புக்கடி. மனுவில் “கார்டு இயந்திரம் கட்டாயம்” என்று எழுதியிருந்தால் நான் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

கியூஆர் அப்படி இல்லை. ஒரு தாள், அதில் ஒரு கட்டம், அவ்வளவுதான். 2019-ல் பேநெட் நிறுவனம் டுயிட்நவ் என்ற பொதுக் கியூஆரைக் கொண்டுவந்த பிறகு ஒரே ஒரு கட்டத்தை ஒட்டினால் போதும், எந்த வங்கிச் செயலியாக இருந்தாலும் டச் அண்ட் கோ, பூஸ்ட் மாதிரி மின்பணப் பை எதுவாக இருந்தாலும் அதில் கட்டலாம். அதற்கு முன்னால் கடைக்காரர்கள் மேசையில் 6 ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தது உங்களுக்கே தெரியும். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வருகிறவர்கள்கூடத் தங்கள் நாட்டுச் செயலியாலேயே நம் கியூஆரில் கட்ட முடிகிறது. கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 அக்டோபரில் வியாபாரிகளிடம் கட்டணம் பிடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்து பெரிய சலசலப்பு ஆனது, அப்புறம் பல வங்கிகள் சிறு வியாபாரிகளுக்கு அதைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. நீங்கள் பதியப் போகும்போது கவுண்டரில் கேட்க வேண்டியது இந்த ஒன்றுதான்: இன்றைக்கு எனக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், அது மாறினால் எப்படித் தெரிவிப்பீர்கள்? பதிலை வாயால் சொன்னால் போதாது, தாளில் காட்டச் சொல்லுங்கள்.

போனில் நேராக அனுப்புவதற்கும் 2018 ஜூலையிலிருந்து 5,000 வெள்ளிவரை அந்தப் பழைய 50 காசு கட்டணம் கிடையாது. அந்த டீச்சர் பிள்ளை உங்கள் நம்பருக்கு அனுப்பியிருந்தால் உங்களுக்கு ஒரு காசு குறைந்திருக்காது. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை அண்ணே, அடுத்த தடவை மறுக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. உங்களுக்குச் சொந்தப் பெர்மிட், உங்கள் கியூஆர், பணம் உங்கள் கணக்கில் விழும், பிரச்சினை இல்லை. ஆனால் கம்பெனி வண்டியைத் தினவாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். வண்டியில் ஒட்டியிருப்பது கம்பெனியின் கியூஆர் என்றால் சவாரிக் காசு முதலில் முதலாளி கணக்குக்குப் போகும், அவர் வாடகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எப்போது கொடுக்கிறாரோ அப்போதுதான். இன்றைக்குச் சாயங்காலம் பெட்ரோலுக்கும் வீட்டுச் சாமானுக்கும் கையில் என்ன இருக்கும்? என் அப்பா பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் தோட்டக் கணக்கரான கிராணி பெயரைக் கூப்பிட்டு, கடைக்கடனைக் கழித்துவிட்டு, மிச்சத்தை எண்ணிக் கொடுப்பதை நான் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், அப்பா விரலை எச்சில் தொட்டு மூன்று தடவை எண்ணுவார், மூன்று தடவையும் குறைவாகத்தான் இருக்கும். அடுத்தவர் கை வழியாக வருகிற சம்பளம் எப்போதும் மெலிந்துதான் வரும். அதனால் விதி வந்தால் பணம் ஓட்டுகிறவர் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வருமான வரி. இதில்தான் உங்கள் கூட்டாளிகள் ரொம்பப் பயந்திருக்கிறார்கள், அது தேவையில்லாத பயம். மாதம் 3,500 வெள்ளி சவாரி ஓடுகிறது என்றால் வருடம் 42,000. வரி இதற்கு இல்லை. பெட்ரோல், டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், புஸ்பாகோம் வாகனச் சோதனைச் செலவு எல்லாம் கழியும். அது 18,000 என்றால் மிச்சம் 24,000. அதில் தனிநபர் கழிவு 9,000 போக 15,000. முதல் 5,000-க்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 1 விழுக்காடு, அதாவது 100 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருந்தால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆக நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. மனைவிக்கான கழிவையும் பிள்ளைகளுக்கான கழிவையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வருமான வரிக்கான பாரம் பி நிரப்பி ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும், ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும், அதுதான் வேலை. பெட்ரோல் ரசீதைக் கசக்கிக் கதவு இடுக்கில் செருகி வைப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள், மை அழிந்து வெள்ளைத் தாளாகத்தான் என் மேசைக்கு வருகிறது. வாங்கின அன்றே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசாக வாங்கினாலும் வருமானம் வருமானம்தான், அறிவிக்க வேண்டியதுதான். மறைப்பதற்குக் காசு வசதி என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கு நான் துணை நிற்க மாட்டேன். அதைவிட இன்னொன்றை யோசியுங்கள். உங்களுக்குப் புதுக் காடி எடுக்கக் கடன் வேண்டும் என்று வங்கிக்குப் போனால் 27 வருடம் ஓட்டினேன் என்பதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? கணக்கில் தினமும் 12 வெள்ளி, 8 வெள்ளி, 35 வெள்ளி என்று விழுந்திருந்தால் அதுவே சாட்சி. போன வருடம் ஓர் ஓட்டுநருக்கு இப்படித்தான் கடன் மறுத்துவிட்டார்கள், நல்ல உழைப்பாளி, ஆனால் காட்ட ஒரு தாள் இல்லை. நான் கணக்கு எழுதிக் கொடுத்தும் பிரயோசனமில்லாமல் போயிற்று.

எஸ்டிஆர் நின்றுவிடாது. அது குடும்பத்துக்கு மாத வருமானம் 5,000 வெள்ளிவரை. மேலே போட்ட கணக்கில் செலவு போக உங்களுக்கு மாதம் 2,000. வீட்டில் வேறு யாராவது சம்பாதித்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் கிழவிகள். இந்தக் கேள்வியை யார் கேட்டாரோ அவருக்கு என் வணக்கம், ஏனென்றால் மேலே உட்கார்ந்து விதி போடுகிறவர்கள் இதைத்தான் முதலில் மறப்பார்கள். டாக்சி நிறுத்தத்தில் நான் பார்த்திருக்கிறேன், தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு பாட்டி சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதற்குள் ஒரு கைக்குட்டை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் எட்டாக மடித்த 10 வெள்ளி நோட்டு, அதை முழங்காலில் வைத்து நீவி நீவி நேராக்கிவிட்டு ஓட்டுநர் கையில் கொடுத்தார். அவரிடம் போய் ஸ்கேன் பண்ணுங்க பாட்டி என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. என் பெரியம்மாவுக்கு ஒரு பேரங்காடியில் இது நடந்தது, காசு வாங்க மாட்டோம் என்றார்கள், அவர் எடுத்த சோயா பால் டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். செல்லுபடியாகும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவமானப்பட்டு வருவது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே சமயம் பாட்டிகளுக்கு எதுவும் தெரியாது என்றும் நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 31-லிருந்து 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லோருக்கும் மைகார்டில் 100 வெள்ளி சாரா உதவி கொடுத்தார்களே, அப்போது நம் ஊர் மளிகைக் கடையில் வரிசையில் நின்று மைகார்டை நீட்டி, மிச்சம் எவ்வளவு என்று கேட்டு, விரல் விட்டு எண்ணியது இதே பாட்டிமார்தான். கற்றுக்கொள்வார்கள். காலம் கொடுக்க வேண்டும், அதுவரைக்கும் காசு வேண்டும், அதற்குப் பிறகும் காசு வேண்டும்.

உங்களுக்கும் இதில் லாபம் இல்லாமல் இல்லை. காலையில் முதல் சவாரிக்கு 50 வெள்ளி நோட்டை நீட்டுகிறார்கள், சில்லறைக்கு ஒட்டுக்கடைக்கு ஓடி, அங்கே அவர் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருப்பார், இல்லையென்பார், அடுத்த கடைக்கு ஓடி, இப்படிப் பத்து நிமிடம் போகிறது. அந்தச் சவாரி 9 வெள்ளிதான். ராத்திரி வண்டிக்குள் நோட்டுக்கட்டு வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நடைமுறை. தோட்டத்துக்குள் போனால் லைன் கிடைக்காத இடம் இருக்கிறது, செம்பனைக்கு நடுவே போன் செத்தது மாதிரி கிடக்கும். அந்தப் பக்கம் போகிற சவாரி என்றால் கட்டணத்தை முன்னாடியே பேசி, மெயின் ரோட்டில் லைன் இருக்கிற இடத்திலேயே அனுப்பச் சொல்லுங்கள், இறங்கும்போது இரண்டு பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பயணி காட்டுகிற படத்தை நம்பாதீர்கள், பழைய ரசீதைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் போனில் பணம் விழுந்த செய்தி வந்தால்தான் வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை என்றால் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிற சின்னப் பெட்டி இருக்கிறது, கடைகளில் கேட்டிருப்பீர்கள், வங்கியில் அதற்குக் காசு உண்டா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். கியூஆரை வண்டிக்கு வெளியே ஒட்டாதீர்கள், அதன் மேல் இன்னொருவர் தன்னுடையதை ஒட்டிவிட்டால் நாள் முழுக்க நீங்கள் அவருக்காக ஓட்டியிருப்பீர்கள். உள்ளே, முன் சீட்டின் பின்பக்கம், தினமும் காலையில் ஒரு பார்வை. ஏதாவது மோசடி என்று தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது.

குடும்பக் கணக்கிலேயே சவாரிப் பணத்தை வாங்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதற்கு வியாபாரக் கியூஆர். பெர்மிட் நகல், மைகார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், எஸ்எஸ்எம் வியாபாரப் பதிவு கேட்டால் என்னிடம் வாருங்கள், செய்து தருகிறேன். கார்டு வாங்கும் வசதி வேண்டும் என்று பின்னால் தோன்றினால் போனையே இயந்திரமாக்கும் செயலிகள் வந்துவிட்டன, அட்டையைப் போனின் முதுகில் தட்டினால் போதும். உங்கள் சவாரி எதுவும் 250 வெள்ளியைத் தாண்டாது, அதற்குள் அட்டையின் ரகசிய (PIN) எண்கூட வேண்டாம். கார்டுப் பணம் கணக்கில் விழ ஒரு நாள் ஆகலாம், அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கியூஆர். 6 மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

இப்போது மனு. “ஒவ்வொரு டாக்சியும் ஏதாவது ஒரு மின்கட்டண வழியையாவது ஏற்க வேண்டும், அது கியூஆராக இருந்தாலே போதும்” என்று மாற்றச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, காசு கொடுக்கும் பயணியை எந்த டாக்சியும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, வாடகை, கமிஷன் எதையும் ஓட்டுநரிடமிருந்து பிடிக்கக் கூடாது, செலவு இருந்தால் அதைக் கட்டண நிர்ணயத்தில் சேர்க்க வேண்டும், பணம் ஓட்டுநர் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும் என்று இன்னொரு வரி. இந்த வரிகள் இருந்தால் உங்கள் வயசுக்காரர்களிடம் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேளுங்கள், நீங்கள் கேட்டால் போடுவார்கள், இளவட்டங்கள் கேட்டால் போட மாட்டார்கள். ஏற்கெனவே அச்சடித்துவிட்டோம், மாற்ற முடியாது என்று சொன்னால் அந்த வரிகளைப் பேனாவால் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.